தூக்கச் சொல்ல ஒரு வாய், நிறுத்தச் சொல்ல எல்லா வாயும்

இடம் பார்க்க வருகிற நாளைத் தவிர, சவுரி அண்ணனின் ஆட்கள் வண்டி இல்லாமல் எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. டிராக்டரின் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். அதனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், கண்ணப்பன் பள்ளிக்கூட வாசலில் சத்தமில்லாமல் நடந்து வந்து நிற்பதை ஜன்னல் வழியே பார்த்ததுமே பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன். கண்ணப்பன் சவுரி அண்ணனுடன் பதினாறு வருடம் சுமை தூக்கியவர். தோளில் கிடக்க வேண்டிய துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

நான் இறங்கிப் போனதும், "அண்ணன் பூட்டாரு டீச்சர்" என்றார். "காலையில டீ குடிச்சாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. அப்படியே ஸ்டியரிங் மேல சாஞ்சிட்டாரு. வண்டி பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு. சத்தம் கேக்குது, ஆள் கெளம்பலையேன்னு அண்ணி வெளிய வந்து பார்த்திருக்காங்க."

வகுப்புக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்ட பாடத்தை முடித்தேன். என்ன பாடம் என்று இப்போது நினைவில்லை.

முடிச்சூர் சாலையை ஒட்டிய நம் நகரில் பழைய ஆட்களுக்குச் சவுரிமுத்துவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நம் குடியிருப்போர் சங்கத்தின் இந்த மலரைப் புதிதாகக் குடிவந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காக இரண்டு வரி. உங்கள் வீட்டுக்கு வயது பத்துக்கு மேல் என்றால், அதன் அடியில் கிடக்கும் கருங்கல்லும், மேலே கிடக்கும் தண்ணீர்த் தொட்டியும் அவருடைய டிரெய்லரில்தான் வந்திருக்கும். நம் தெருமுனைகளில் லாரி திரும்பாது. பெரிய டிராக்டரும் திரும்பாது. அவருடையது நீலம் வெளுத்துப்போன சின்ன டிராக்டர். பின்னால் அதைவிடக் கனமாகத் தெரியும் ஒரு டிரெய்லர். "பொம்மை வண்டி" என்று கேலி செய்தவர்கள் உண்டு. "பொம்மைதான். ஆனா சாவி குடுத்தா நிக்காது" என்பார். நாம் மனை வாங்குவதற்கு முன்னால் இங்கே நிலம் உழுத வண்டி அது. நிலத்தை விற்றவர் வண்டியையும் விற்றார். நாம் நிலத்தை வாங்கினோம், சவுரி அண்ணன் வண்டியை வாங்கினார்.

நாங்கள் வீடு கட்டத் தொடங்கியது எண்பதுகளின் ஆரம்பத்தில். என் கணவருக்கு அப்போது அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அங்கேயே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிவிட்டு வாரக் கடைசியில்தான் வருவார். மேஸ்திரியோடும் சித்தாள்களோடும் நின்று வீட்டை எழுப்பியது நான்தான். இது பின்னால் சொல்லப்போவதற்கு முக்கியம். அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியோடு நடந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"இன்னா டீச்சர், ரோடு எங்க கீது?"

"நீங்க நிக்கறீங்களே, அதுதான்."

"இதுவா? நான் ஏரின்னுல்ல நெனச்சேன்."

கல் எங்கே என்று கேட்டேன். "கல்லு நாளைக்கு வரும். இன்னிக்கு நான் மட்டும் ஒரு தபா வந்துட்டுப் போறேன். சுமையோட வர்றது ரெண்டாவது தபாவா இருக்கணும்" என்றார். அந்த மூங்கில் கழி டிரெய்லரின் அகலத்துக்குச் சரியாக வெட்டியது. அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தெருவின் ஒவ்வொரு திருப்பத்திலும் நடந்து பார்த்தார். எங்கள் கடப்பாரையை வாங்கிப் பள்ளங்களைக் குத்திப் பார்த்தார். எந்தச் சுமையானாலும் முந்தின நாள் சுமையில்லாமல் அந்த வழியை நடந்து பார்ப்பது அவருடைய வழக்கம். கடைசிவரை அதை அவர் விடவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கத்தை நம் தெருவில் அறியாதவர்கள் இருக்க முடியாது. சுமையில் கைவைப்பதற்கு முன் எல்லாரையும் ஒரு முறை நிறுத்திச் சொல்வார். கூலிக்கு வந்தவர்களிடம் மட்டுமல்ல. வேடிக்கை பார்க்கிறவர்கள், தெருவில் போகிறவர்கள், கீரை விற்கிறவர் எல்லாரிடமும். "தூக்குன்னு சொல்ல ஒரே வாய், அது என் வாய். நிறுத்துன்னு சொல்ல எல்லா வாயும். புரிஞ்சுதா?"

அப்போது நம் சங்கத் தலைவராக இருந்த ராகவன் சாரின் இரும்புப் பெட்டகம் வந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய தாத்தா காலத்துப் பெட்டகம். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் எல்லாரும் ஆளுக்கொரு கதை கட்டினோம். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் சார். அதனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ம், தூக்கு! இடது பக்கம் தூக்கு! ஏன் நிக்கறே, தூக்கு!" என்று உத்தரவு போட்டார். சவுரி அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"சார், உங்களுக்கு ஒரு வேலை தரட்டா?"

"என்னய்யா?"

"தூக்குன்னு சொல்லாதீங்க. நிறுத்துன்னு சொல்லுங்க. எத்தினி தபா வேணா சொல்லுங்க. நூறு தபா சொல்லுங்க, நூறு தபா நிறுத்துறேன்."

ராகவன் சார் அன்று பதினேழு முறை நிறுத்தச் சொன்னார். எண்ணியது கண்ணப்பன். பதினேழு முறையும் பெட்டகம் நின்றது. உள்ளே இருந்தவை பழைய ரயில்வே கால அட்டவணைகள் என்று பிறகு தெரிந்தது.

வாய்க்காலின் மேல் நாம் சிமெண்டுப் பலகை போட்ட நாளைச் சொல்லாமல் விடக் கூடாது. பலகை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, தெருமுனைப் பூக்காரம்மா, "நிறுத்துங்கப்பா! நிறுத்து நிறுத்து!" என்று கத்தினார். எல்லாரும் உறைந்து நின்றோம். "இன்னா யக்கா?" என்றார் சவுரி அண்ணன்.

"என் செருப்பு ஒண்ணு அங்க அடியில கீதுப்பா."

கூட்டம் சிரித்தது. கண்ணப்பனுக்குக் கோபம். "இங்க ஒரு டன்னு தொங்கிக்கினு கீது, உனக்கு செருப்பு பேஜாரா?" என்று எகிறினார். சவுரி அண்ணன் தாமே குனிந்து அந்தச் செருப்பை நீளக் கழியால் வெளியே தள்ளி, எடுத்துப் பூக்காரம்மா கால் பக்கம் வைத்தார். "நல்லா சொன்ன யக்கா. இன்னொரு நாளும் சொல்லு" என்றார். பிறகு கண்ணப்பனைத் தனியாக அழைத்து அவர் சொன்னது, பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

"செருப்புக்கு நிறுத்தலன்னா, நாளைக்கு காலுக்கு எவன்டா சொல்லுவான்? சும்மா சொன்னாலும் நிறுத்தணும்."

குன்றத்தூர்க் கோயிலுக்குப் படிக்கல் கொண்டுபோனபோது, "என்ன சவுரி, மாதா கோயிலுக்குப் போறவன் முருகனுக்குக் கல் சுமக்கறியா?" என்று யாரோ சீண்டினார்களாம். "எந்த சாமிக்குப் போனாலும் கல்லு அதே வெயிட்டுதான்" என்றாராம். மழைக்காலத்தில் நம் நகர் தண்ணீரில் நின்ற வருடங்களில், அதே டிரெய்லரில் நம் குழந்தைகளைச் சாலைவரை கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அதற்குக் கூலி கேட்டால் காது கேட்காதவர் போல வண்டியை எடுத்துவிடுவார்.

இதுவரை எழுதியதை நம்மில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இனி எழுதப்போவதை நான்தான் எழுத வேண்டும்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் அவர் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் குளித்து, சட்டை மாற்றி, தாம்பரம் ஸ்டேஷன்வரை நடந்துபோய், வீடு முடிந்தபின் தினமும் வேலைக்கு ஏறிய ரயில் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நான் எதுவும் கேட்பதில்லை. கடைசியில் பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் பழைய லேத் மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. என் வளையல்கள் போய் அது வந்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, அதில் மிஷினை நிறுத்தி, சொந்தமாகக் கடைசல் வேலை எடுத்துச் செய்வது என்று முடிவு. அந்த மிஷின் ஒழுங்காக வந்து இறங்கினால் எங்களுக்குச் சோறு. கீழே விழுந்து அதன் படுகை என்கிற அடிச்சட்டம் வளைந்தால் பழைய இரும்பு விலை. அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை சவுரி அண்ணன் இடம் பார்க்க வந்தார். நான் பள்ளியில் இருந்தேன். மூன்று தடித்த சவுக்குக் கட்டைகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, முக்காலி போல நிறுத்தி, நடுவில் சங்கிலித் தூக்கியைத் தொங்கவிட்டுத்தான் அவர் இத்தகைய சுமைகளை இறக்குவார். மூன்று கால்களும் ஊன்றும் இடங்களைக் கடப்பாரையால் குத்திப் பார்த்திருக்கிறார். எல்லா இடத்திலும் கடப்பாரை செங்கல்லில் பட்டது போல 'ணங்' என்று நின்றிருக்கிறது. "சார், இங்க குழி கிழி எதுனா இருந்துச்சா?" என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். "இல்லப்பா, எல்லாம் கெட்டித் தரை" என்று அவர் சொல்லியிருக்கிறார். தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். வீடு கட்டும்போது அவர் இங்கே இல்லையே.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து நான் வந்தபோது டிரெய்லர் கொல்லைப்புறத்தில் நின்றது. அதன்மேல் பழைய டயர்களைப் பரப்பி, டயர்களின்மேல் லேத் படுத்திருந்தது. முக்காலி நின்றுவிட்டது. சங்கிலியும் மாட்டியாகிவிட்டது. என் கணவர், "தலைப்பக்கம்தான் கனம் அதிகம் சவுரி, பார்த்துக் கட்டு" என்றார். "தெரியும் சார். மனுஷன் மாதிரிதானே" என்றார் அவர். என் கணவர் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தேன்.

சவுரி அண்ணன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "தூக்கப் போறேன். நிறுத்தணும்னா யார் வேணா சொல்லலாம்." அப்போதுதான் முக்காலியின் ஒரு கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்தேன். பட்டுப்போன கறிவேப்பிலைச் செடியின் குச்சிக்குப் பக்கத்தில்.

அந்தச் செடி ஏன் பட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். மொட்டைமாடித் தளம் போடுவதற்காக அங்கே குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றினார்கள். வேலை முடிந்ததும் மீதிச் சுண்ணாம்பை அள்ளாமல், மேலே உடைந்த செங்கல்லைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மேஸ்திரி மூடச் சொல்லிக் கேட்டபோது சரி என்றவள் நான். நீற்றிய சுண்ணாம்பு மண்ணுக்கடியில் எத்தனை வருடமானாலும் வெண்ணெய் போலத்தான் கிடக்கும். அறிவியல் டீச்சர் நான். எனக்கு அதுவும் தெரியும்.

வாயைத் திறந்தேன். என் கணவர் சிரிப்பு மாறாத முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் பார்த்துச் செய்திருக்கிறார்கள், எல்லாம் இறுகிப் போயிருக்கும், நான் ஒன்று சொல்லி இந்த நேரத்தைக் கெடுப்பானேன் என்று ஒரு நினைப்பு. இவ்வளவு நீளமாகக்கூட நினைக்கவில்லை. ஒரு மூச்சு அளவு. வாயை மூடிக்கொண்டேன்.

"தூக்கு" என்றார் சவுரி அண்ணன்.

மிஷின் டயரிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பியது. அந்தக் கால் சத்தமே இல்லாமல் முழங்கால் ஆழத்துக்கு உள்ளே போனது. முக்காலி சாய்ந்தது. கண்ணப்பன் அந்தப் பக்கம் நின்றிருந்தார். சவுரி அண்ணன் வலது கையால் அவரைப் பிடித்துத் தள்ளினார். இடது கை டிரெய்லரின் விளிம்பில் இருந்தது. மிஷின் டயர்களின்மேலேயே பத்திரமாக வந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. சாய்ந்த கட்டை விளிம்பில் விழுந்ததில் அவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

ஆட்டோ பிடித்து எல்லாரும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் கணவரும் போனார். கொல்லையில் நான் தனியாக நின்றேன். போகிற அவசரத்தில், அடியைக்கூடப் பார்க்காமல், முக்காலியைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கட்டையின் அடிப்பகுதி, முழங்கால் உயரத்துக்கு, வெள்ளைவெளேரென்று இருந்தது. நான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றி, தேங்காய் நாரால் அந்தக் கட்டையைத் தேய்த்துக் கழுவினேன். குழியையும் மண் தள்ளி மூடினேன். என் வாழ்நாளில் செய்தவற்றில், திரும்ப நினைக்கும்போது இன்றும் கை கூசுவது அந்தச் செயல்தான்.

பத்து நாளில் கட்டுப்போட்ட கையோடு வந்து, முக்காலியை வேறு இடத்தில் நிறுத்தி, அவரே மிஷினை இறக்கிக் கொடுத்தார். "என் தப்பு சார். இன்னும் நாலு குத்து குத்திப் பார்த்திருக்கணும்" என்று என் கணவரிடம் சொன்னார். நான் உள்ளே இருந்தேன். அதன்பிறகு அவர் எங்கே போனாலும் ஒரு இடத்தில் குத்துவதற்கு நான்கு இடத்தில் குத்தினார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அது என்னால் கூடிய சத்தம் என்று எனக்குத் தெரியும். லேத் ஓடியது. இன்றும் ஓடுகிறது. என் கணவர் ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கப் போவதை நிறுத்தினார். எங்கள் மகள் படித்தாள். எல்லாம் அந்த மிஷினில் கடைந்தது.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை முறை புறப்பட்டிருக்கிறேன்! பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோன சாக்கில் ஒரு முறை. அவர் மூத்த பெண் கல்யாணத்தின்போது ஒரு முறை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பியது பல முறை. சனிக்கிழமை சாயங்காலங்களில் வேலை முடித்து வண்டி திரும்பும்போது எங்கள் வாசலில் வேகம் குறையும். இன்ஜினை அணைக்காமலே, "எதுனா கீதா டீச்சர்?" என்று குரல் கொடுப்பார். ஏற்ற இறக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். "ஒண்ணுமில்லண்ணா" என்பேன். வண்டி போய்விடும். ஒன்பது வருடம் இப்படியே போனது. அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைக்க எனக்கு எப்போதும் ஒரு அடுத்த சனிக்கிழமை இருந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். "நிறுத்தணும்னா யார் வேணா சொல்லலாம்" என்று சொன்ன பிறகும் உடனே தூக்கச் சொல்ல மாட்டார். சுற்றி நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு முறை பார்ப்பார். ஒருவரையும் விடாமல், நிதானமாக. ஜெபம் பண்ணுகிறார் என்று சிலர் சொன்னார்கள். வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று சிலர். நான் பயம் என்றுதான் நினைத்தேன். அதற்கும் காரணம் நான்தான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் டிராக்டர் நின்றது. யாரோ அதன்மேல் ஒரு மாலை போட்டிருந்தார்கள். உள்ளே அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. இடது கையில் மூன்று விரலில் நிற்காமல் அது நழுவிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி ஆரோக்கியம் அதை எடுத்து எடுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஆரோக்கியத்தைப் பின்பக்கம் அழைத்துப்போய், "அந்த விரல் என்னாலதான் போச்சு" என்றேன். குழி, கறிவேப்பிலை, திறந்த வாய் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும் டீச்சர்" என்றார்.

"எப்படி?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் கட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தாரு. எல்லாம் சேறா கீது, இது ஒண்ணு மட்டும் யாரோ தேச்சுக் கழுவியிருக்காங்கன்னாரு. இடுக்குல எல்லாம் சுண்ணாம்பு. மோந்து பார்த்தாரு. 'ஆரோக்கியம், அது சுண்ணாம்புக் குழி, டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னாரு. எனக்குக் கோவம் டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். போய்க் கேக்கிறேன்னு கெளம்பினேன். வுடல."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"'அவங்க வாயைத் தொறந்தாங்க. நான் பார்த்தேன். பார்த்துக்கினே தூக்குன்னேன். நிறுத்துன்னு சொல்ல எல்லா வாயும்னு நாந்தான சொல்லிக்கினு திரியறேன், தொறந்த வாயை இன்னான்னு கேக்க வேணாமா? சொல்ல முடியாதவங்களும் இருப்பாங்க இல்ல'ன்னாரு. அதுலேர்ந்துதான் எல்லார் மூஞ்சியும் பார்க்க ஆரம்பிச்சாரு. டீச்சரா ஒரு நாள் வந்து சொல்லுவாங்க, நாமளா கேக்கக் கூடாதுன்னாரு."

கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி அவர் இத்தனை வருடம் காத்திருந்தார். நான் இத்தனை வருடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் வாசலில் வண்டியின் வேகத்தைக் குறைத்து அவர் கேட்டது சுமையைத்தானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் வழியில்லை. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை வேண்டும் போல் இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அதன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இருக்குண்ணா, கொஞ்சம் இறங்கி வாங்க" என்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்தினார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "குழி இல்லைன்னு நான்தானே அவன்கிட்ட சொன்னேன்" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரிக்காம இருந்திருந்தா நீ சொல்லியிருப்பே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் முழுவதும் மிஷினை ஓட்டவில்லை.

புதன்கிழமை பிற்பகல் அடக்கம். கல்லறைத் தோட்டம்வரை டிராக்டரிலேயே கொண்டுபோனோம். கண்ணப்பன் ஓட்டினார். முந்தின நாளே அவர் அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழியின் இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள் ஆறு பேர் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். சாமியார் ஜெபத்தை முடித்தார். கண்ணப்பன் பேச வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. வழக்கமான வார்த்தையைத்தான் சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். அதற்குப் பதிலாகத் தலையை நிமிர்த்திச் சுற்றி நின்ற எங்கள் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இறக்கு" என்றார்.

பெட்டி ஒரு சாண் இறங்கியது.

"நிறுத்துங்க" என்றேன்.

அந்த இடத்திலேயே கயிறுகள் நின்றன. சாமியார் நிமிர்ந்து பார்த்தார். யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். "இன்னா டீச்சர், கயிறா?" என்றார் கண்ணப்பன்.

கயிறு சரியாகத்தான் இருந்தது. எல்லாமே சரியாகத்தான் இருந்தது. "இல்ல" என்றேன்.

கண்ணப்பன் வேறு எதுவும் கேட்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்து, "புடிச்சிக்கினு நில்லுங்கடா" என்று மட்டும் சொன்னார். ஆறு பேரும் நின்றார்கள். கயிறு உள்ளங்கைகளில் இறுகுவது தெரிந்தது. ஒருவருக்குத் தோள் நடுங்கியது. ஆரோக்கியம் என் பக்கத்தில் வந்து நின்றார். தோட்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தில் ஒரு மின்சார ரயில் தாம்பரம் நோக்கிப் போகிற சத்தம் கேட்டது. அது கேட்காமல் போகிறவரை யாரும் அசையவில்லை.

"போதுமா டீச்சர்?" என்றார் கண்ணப்பன்.

"போதும்."

இறக்கினார்கள்.

அவர் நினைவாக ஏதாவது வேண்டுமா என்று ஆரோக்கியம் பின்னால் கேட்டார். அந்த மூங்கில் கழியைத் தருவதாகச் சொன்னார். அது கண்ணப்பனுக்கு வேண்டும், வண்டி ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான் வைத்துக்கொள்ள என்னிடம் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வகுப்பில் பாடத்தை முடித்து, "ஏதாவது சந்தேகமா?" என்று கேட்ட பிறகு, இப்போதெல்லாம் நான் உடனே புத்தகத்தை மூடுவதில்லை. நாற்பத்திரண்டு முகங்களையும் ஒரு முறை பார்க்கிறேன். பாதி திறந்து மூடிய வாய் ஒன்று எப்படியும் இருக்கிறது. இது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

மற்றது, அந்த மதியம் அவர் ஆட்கள் எனக்குக் கொடுத்தது. ஒன்பது வருடம் தாமதமாக வந்த ஒரு சொல்லுக்காக, காரணம் கேட்காமல், அவரை மண்ணுக்கு மேலே தங்கள் கைகளில் தாங்கிக்கொண்டு அவர்கள் நின்ற ஒரு நிமிடம்.